ஒருமையும் பன்மையும்

நம் கல்லூரியின் வைரவிழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என்று மலர்க் குழுவினர் பணித்தபோது, இலக்கணம் பற்றியே எழுதுவதென எண்ணினோம். ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்று வெளிவந்த நாள்முதல் தமிழ் கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட எமக்கு வேறு எது கைவரும்? எழுதத் தொடங்கிய பின்னரே, பொருள் இலக்கணத்திலிருந்து வாழ்க்கைக்கு இடம்பெயர்ந்துவிட்டமையை உணர்ந்தோம். இக்கட்டுரை ஓரடியை அங்கும் ஓரடியை இங்குமாக வைத்து நிற்பதாயின், அன்பர்கள் பொறுத்தருளல் வேண்டும்.

சென்ற ஆண்டிலே ஒருநாட் காலை, பத்தாந் தர மாணவர்க்குச் சாதியொருமையைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். ஒருமைச் சொல்லொன்று தனி ஒரு பொருளைச் சுட்டாது, அப்பொருளின் இனம் முழுவதையும் சுட்டி நிற்பதனைச் சாதியொருமை என்பர் உரையாசிரியர். ‘பசு பால் தரும்’ என்னுமிடத்துப் பசு என்பது நம் வீட்டுத் தொழுவத்தில் நிற்கும் பசு அன்று. பசு என்னும் இனம். இவ்வாறு விளக்கியபின், வேறு எடுத்துக்காட்டுகள் தருமாறு கேட்டோம். ‘பனை பலவாறு பயன்படும்’ என்றான் ஒருவன். ‘காகம் கரையும்’ என்றான் மற்றொருவன். பின்வரிசையிலிருந்து எழுந்த மூன்றாமவன், இந்நாட்டிலே நம்மோடு வாழும் வேற்றினம் ஒன்றன் பெயரை ஒருமையிற் சொல்லி, ‘நம்பத் தகாதவன்’ என்று முடித்தான். வகுப்பு முழுதும் நகைத்தது.

அவன் சொன்ன இனம் எது என்பதை ஈண்டு எழுதோம். அவ்விடத்தில் வேறோர் இனத்தின் பெயரையோ, வேறொரு சமயத்தின் பெயரையோ, நம்முள்ளேயே வேறொரு சாதியின் பெயரையோ இட்டிருப்பினும் வகுப்பு அவ்வாறே நகைத்திருக்கும். யாம் திகைத்தது வேறொன்றனால். அவ்வாக்கியத்தில் இலக்கணப் பிழை யாதும் இல்லை. சாதியொருமைக்கு அது சரியான எடுத்துக்காட்டே. புள்ளி இடுவதாயின் முழுப் புள்ளியும் இடவேண்டும். இலக்கணத்தோடு பொருந்தி, உண்மையோடு பொருந்தாத வாக்கியத்தை எவ்வாறு திருத்துவது? அன்று யாம் செய்தது, ‘இரு’ என்று அவனை இருத்திவிட்டு அடுத்த பகுதிக்குச் சென்றமையே. அவ்வாறு சென்றது எம் தவறு. அத்தவறுக்குக் கழுவாயாகவே இதனை எழுதுகின்றோம்.

பசுவுக்கும் பனைக்கும் பொருந்தும் ஒருமை மனிதருக்கு ஏன் பொருந்தாது? பனை தன் இயல்பினின்றும் மாறுதல் இல்லை. மனிதனோ, இதனைச் செய்வேன், இதனைச் செய்யேன் என்று தானே தெரிந்து நடப்பவன். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவரே ஒரு தன்மையர் அல்லர். இலட்சக்கணக்கான மக்களைக் கொண்ட ஓரினம் எவ்வாறு ஒரு தன்மையதாகும்? இது சிறு பிள்ளையும் அறியும் உண்மை. ஆயினும் நம் திண்ணைப் பேச்சையும் பேருந்துப் பேச்சையும் சற்றே உற்றுக் கேட்பீராக. நம்மவன் ஒருவன் களவு செய்தால், ‘அவன் ஒருவன் கெட்டவன்’ என்போம். பிறருள் ஒருவன் செய்தால், ‘அவர்களே அப்படித்தான்’ என்போம். நம்மவன் ஒருவன் நன்மை செய்தால், அது நம் இனத்தின் பண்பு. பிறருள் ஒருவன் செய்தால், அவன் மட்டும் நல்லவன். நம் தீமையை ஒருமையிலும் பிறர் தீமையைப் பன்மையிலும், நம் நன்மையைப் பன்மையிலும் பிறர் நன்மையை ஒருமையிலும் எழுதும் இக்கணக்குப் புத்தகம் எல்லா இனத்தார் வீட்டிலும் உண்டு.

இக்கணக்கை மேடைப் பேச்சுத் திருத்துவதில்லை. பாடநூலில் வரும் ஒற்றுமைப் பாடமும் திருத்துவதில்லை. யாம் அறிந்தவரை, அதனைச் சற்றேனும் அசைப்பது ஒன்று உண்டு. நம்மிடம் எதனையும் பெற்றறியாத, இனியும் பெறுதற்கில்லாத ஒருவர், நாம் தாழ்ந்து நிற்கும் வேளையிற் செய்யும் உதவியே அது. எம் வாழ்விற் கண்ட இரு நிகழ்ச்சிகளைச் சொல்வோம்.

முதலாவது, 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் நாள் நிகழ்ந்தது. வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடு வாசல்களை விட்டுத் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்ட அந்நாளை இம்மலரைப் படிக்கும் பலரும் மறந்திரார். எமக்கு அப்போது வயது பதினான்கு. மழை பெய்துகொண்டிருந்தது. தெருவிலே அடி பெயர்க்க இடமில்லை. எம் தந்தையார் துவிச்சக்கர வண்டியை உருட்ட, அதன்மேல் அப்பாச்சி குந்தியிருந்தார். இரவு முழுவதும் நடந்து, மறுநாட் பிற்பகல் மீசாலைப் பகுதியை அடைந்தோம். எமக்கு உறவினரான ஒருவரின் வீடு அங்கே இருந்தது. படலையை அடைந்தபோது, அவ்வீட்டின் விறாந்தையும் மாட்டுக் கொட்டிலும் முன்னமே நிறைந்திருந்தன. இடமில்லை என்று அவர் கூறியது பொய்யன்று.

ஒழுங்கை வழியே மேலும் நடந்தோம். ஒழுங்கையின் கோடியிலே ஓர் ஓலை வீடு. முற்றத்துப் பூவரசிலே தளநாரும் முட்டியும் தொங்கின. அவற்றைக் கண்ட அளவிலே அது யாருடைய வீடு என்பதை அப்பாச்சி அறிந்துகொண்டார். எம் ஊரிலே அவ்வகுப்பினரை எம் கிணற்றுக் கட்டில் ஏறவிடும் வழக்கம் இல்லை. அவர்கள் எட்ட நிற்க, வீட்டார் அள்ளி வார்ப்பதே முறை என்று வளர்ந்தவர் அப்பாச்சி. அவ்வீட்டு அம்மையார் செம்பிலே நீரோடு படலைக்கு வந்தார். வந்தவர் உடனே நீட்டினாரல்லர். செம்பைத் தம் மார்போடு அணைத்தவாறு, “எங்கடை வீட்டுத் தண்ணி குடிப்பியளோ, ஆச்சி?” என்று கேட்டார்.

கொடுக்க வந்தவர் கொடுத்தற்கு அனுமதி கேட்டு நின்ற அக்காட்சி இன்றும் எம் கண்ணை விட்டு அகலவில்லை. அப்பாச்சி ஒன்றும் சொல்லவில்லை. கையை நீட்டிச் செம்பை வாங்கி, முழுவதையும் குடித்து, இன்னொரு செம்பு கேட்டார். இரண்டே அறைகள் உள்ள அவ்வீட்டில் ஓர் அறையை எமக்கு ஒழித்துத் தந்தார்கள். அடுத்த ஆண்டு சித்திரை மாதத்தில் நாங்கள் ஊர் திரும்பும்வரை, ஐந்து மாதத்துக்கு மேலாக, அவர்கள் கிணற்றிலே குளித்து, அவர்கள் அடுப்பிலே சமைத்து வாழ்ந்தோம். வாடகை என்று ஒரு சதமும் அவர்கள் பெறவில்லை.

ஊர் திரும்பியபின் நிகழ்ந்ததையும் மறையாது சொல்லுதல் வேண்டும். அப்பாச்சி தம் இறுதிக்காலம்வரை தைப்பொங்கல் தோறும் அவ்வம்மையாருக்குப் புதுச்சேலை அனுப்பி வந்தார். அவர் எம் வீட்டுக்கு வந்தபோது உள்ளே அழைத்துத் தம் அருகில் இருத்தினார். ஆனால் எம் ஊரில் அதே வகுப்பைச் சேர்ந்த ஏனையோர்க்கு எம் கிணறு திறக்கவில்லை. ஒருநாள் எம் தந்தையார் இதுபற்றி வினவியபோது, “மீசாலைப் பிள்ளை நல்லவள். எல்லாரும் அவளைப் போலே?” என்று அப்பாச்சி விடை கூறினார். இவ்விடையைப் பின்னரும் எடுத்துக்கொள்வோம்.

அறியாதார்க்கு உதவுதல் நம் முன்னோர் அறியாத அறமன்று. சுமையோடு வருவோன் பிறர் துணையின்றி இறக்கிவைக்கச் சுமைதாங்கி கட்டினார்கள். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நாட்டும் வழக்கமும் இருந்தது. மாடு உரஞ்ச ஆவுரஞ்சிக் கல்லும், வழிப்போக்கர் தங்க மடமும் அமைத்தார்கள். பருத்தித்துறையிலே தெருமூடி மடம் இன்றும் நிற்கின்றது. சுமைதாங்கிக் கல் வருவோன் யார் என்று கேட்டதில்லை. அதே தெருவிலே கிணறு கேட்டது. கோயில் வாயில் கேட்டது. 1968 ஆம் ஆண்டிலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் முன்னே உள்நுழைய உரிமை வேண்டி மக்கள் அமர்ந்திருக்க நேர்ந்தமை நம் வரலாறு. கல்லுக்கு நாம் கொடுத்த பண்பை நமக்கு நாம் கொடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது நிகழ்ச்சி 2007 ஆம் ஆண்டுக்குரியது. அதற்கு முந்திய ஓகஸ்ட் மாதத்திலே ஏ 9 வீதி மூடப்பட்டிருந்தது. எம் அன்னையாரின் சத்திரசிகிச்சைக்காகப் பாதுகாப்பு அனுமதி பெற்று, கப்பலேறித் திருகோணமலை சென்று, அங்கிருந்து கொழும்பை அடைந்தோம். சிகிச்சை முடிந்து, தையல் பிரிக்கும்வரை கொழும்பிலே தங்கவேண்டியிருந்தது. அந்நாளிலேதான், ஜூன் 7 ஆம் நாள், கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 370 இற்கு மேற்பட்டோர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை பிறப்பித்து அதனைத் தடுத்தது. கட்டளை வந்தபோதும் அச்சம் நீங்கவில்லை. யாம் தங்க எண்ணியிருந்த விடுதியின் உரிமையாளர், தமிழரேயாயினும், இப்போது இடந்தரல் இயலாது என்று கைவிரித்தார். அவரைக் குறைகூறோம், அவருக்கும் பிள்ளைகள் உண்டு.

மருத்துவமனையில் எம் அன்னையாரின் பக்கத்துக் கட்டிலில் முதிய சிங்களப் பெண் ஒருவர் இருந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள வந்த மகளுக்கு ஐம்பது வயதிருக்கும். எமக்குத் தெரிந்த சிங்களம் அரைகுறை. அவருக்குத் தமிழ் அறவே தெரியாது. விடுதிக்காரரோடு தொலைபேசியில் யாம் பேசிய தமிழ் அவருக்கு விளங்கியிராது. எம் முகம் விளங்கியது போலும். என்னவென்று கேட்டார், சொன்னோம். “அப்படியானால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், புத்தா” என்றார். ‘புத்தா’ என்பது மகனே என்னும் விளி.

அவர் வீடு கம்பகாப் பக்கத்தில் இருந்தது. வாசற்படி ஏறியதும் எம் அன்னையாரின் கால் நின்றுவிட்டது. எதிர்ச் சுவரிலே இராணுவ உடையணிந்த ஓர் இளைஞனின் படம். எம் அன்னையார் எம்மைப் பார்த்தார். யாம் படத்தைப் பார்த்தோம். அவ்வம்மையார் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, “என் மகன். யாழ்ப்பாணத்தில் இருக்கிறான்” என்று மட்டும் சொல்லி, அன்னையாரின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்றார். அன்று மாலையே எம்மைப் பொலிசு நிலையத்துக்குத் தாமே கூட்டிச்சென்று, தம் வீட்டு விருந்தினர் என்று பதிவு செய்வித்தார். தமிழரை வீட்டில் வைத்திருப்பதை அயலவர் எவ்வாறு பேசுவர் என்பதை அவர் அறியாதவரல்லர்.

அங்கே பதினொரு நாள் இருந்தோம். எம் அன்னையார் சைவ உணவினர். அவர்கள் கறிகளிலோ மாசிக் கருவாடு சேர்வது வழக்கம். இரண்டாம் நாள் அவ்வம்மையார் சந்தைக்குப் போய் ஒரு புதுச் சட்டி வாங்கிவந்தார். தம் வீட்டுச் சட்டியில் மாசி மணம் ஏறியிருக்கும் என்பது அதற்கு அவர் சொன்ன காரணம். இதனை அவருக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கடைசி நாள் இரவு, அவர் எம் அன்னையாரிடம் ஒன்று கேட்கவேண்டும் என்றார். மொழிபெயர்ப்பு எம் பொறுப்பு. “யாழ்ப்பாணத்துத் தண்ணீர் உப்பு என்கிறார்களே. என் மகன் குடிக்க நல்ல தண்ணீர் கிடைக்குமா?” எம் அன்னையார், நல்ல தண்ணீர்க் கிணறுகள் எத்தனையோ உண்டு என்றார். “கேட்டால் கொடுப்பார்களா?” என்றார் அவர்.

எம் அன்னையார் நெடுநேரம் பேசவில்லை. ஊரிலே இராணுவ உடையினரால் நிகழ்ந்தவை அவர் நெஞ்சிலே இருந்தன. பிள்ளையைத் தேடிக் காவலரண் காவலரணாக அலைந்த தாய்மார் எம் ஒழுங்கையிலேயே இருந்தார்கள். படலைக்கு வந்து நீர் கேட்கும் படைவீரனுக்குக் கொடுப்பவர் எவரெவருக்கு விடை சொல்லவேண்டி வரும் என்பதும் அவருக்குத் தெரியும். ஈற்றிலே, “நான் கொடுப்பன்” என்றார். கொடுப்போம் என்று சொல்லவில்லை. ஊரார் சார்பில் வாக்களிக்க அவர் துணியவில்லை. யாமும் அதனைக் கூட்டியோ குறைத்தோ சொல்லாது, ஒருமையை ஒருமையாகவே மொழிபெயர்த்தோம்.

மறுநாள் விடைபெறும்போது, அவ்வம்மையார் அன்னையாரின் கையைப் பற்றி, “அபி அம்மலா நே” என்றார். இதனை மொழிபெயர்க்கும்போது யாம் இடர்ப்பட்டோம். தமிழிலே தன்மைப் பன்மை இருவகைப்படும். ‘நாங்கள்’ என்பது கேட்போரை விலக்கும். ‘நாம்’ என்பது கேட்போரையும் உளப்படுத்தும். சிங்களத்து ‘அபி’யில் இவ்வேறுபாடு இல்லை. ‘நாங்கள் தாய்மார்தானே’ என்றும் சொல்லலாம். ‘நாம் தாய்மார்தானே’ என்றும் சொல்லலாம். அவர் முகத்தைப் பார்த்தோம். ‘நாம்’ என்றே சொன்னோம். எம் ஆசிரியப் பணியில் அதனினும் பொறுப்புள்ள சொற்றெரிவு எமக்கு வாய்க்கவில்லை.

ஊர் வந்து இந்நிகழ்ச்சியைச் சொன்னபோது உறவினர் உருகித்தான் போயினர். உருகியபின் அவர்கள் சொன்னது, “அந்த மனிசி நல்ல மனிசி. எல்லாரும் அப்படியே?” என்பது. முன்னர் அப்பாச்சி சொன்ன அதே வாக்கியம்.

இலக்கண நூலார் விதிகளை வகுத்து, அவற்றுள் அடங்காதவற்றைத் தழுவிக்கொள்ளப் புறனடை கூறுவர். அப்பாச்சியும் உறவினரும் செய்தது அதுவே. நல்லவரைப் புறனடையிலே தள்ளி விதியைக் காப்பாற்றிக்கொண்டார்கள். எதிர்பாராத உதவி நம் முன்முடிவை உடைக்கும் என்று கதைகளிலே படிக்கின்றோம். எம் அனுபவம் வேறு. உதவி கதவைத் தட்டுகின்றது. முன்முடிவோ, வந்தவரை மட்டும் உள்ளே விட்டுக் கதவை மறுபடி சாத்திக்கொள்கின்றது. ஆதலின் உதவி பெற்ற அளவில் நாம் திருந்திவிட்டதாக எண்ணலாகாது. பெற்றபின்னரே நம் வேலை தொடங்குகின்றது. விதிக்கு அடங்காதன பெருகிவிட்டால், நேர்மையுள்ள இலக்கணக்காரன் விதியையே திருத்தி எழுதுவான்.

அடங்காதன பெருகித்தான் கிடக்கின்றன. 1983 ஜூலையிலே வாக்காளர் பட்டியலைக் கையிற் கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி எரித்தார்கள். பட்டியல் என்பது சாதியொருமையின் கொடிய வடிவம்; அதில் ஆசிரியரும் இல்லை, கடைக்காரரும் இல்லை, கைக்குழந்தையும் இல்லை; ‘தமிழன்’ என்னும் ஒருமை ஒன்றே உண்டு. அந்நாளில், தம் உயிரையும் வீட்டையும் பணயம் வைத்து, ‘இங்கே எவரும் இல்லை’ என்று வாசலில் நின்று பொய் சொன்ன சிங்கள அயலவரும் பலர். அவ்வாறு உயிர் தப்பியோர் நம் பழைய மாணவருள்ளும் உளர்.

1986 ஓகஸ்ட் 11 ஆம் நாள், கனடாவின் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்துகொண்டிருந்தனர். மீன்பிடிக்க வந்த கஸ் டால்ரன் என்னும் படகுத் தலைவர் அவர்களைக் கண்டு காப்பாற்றினார். அவர்கள் எங்கிருந்து புறப்பட்டார்கள் என்பது பற்றிப் பின்னர் அந்நாட்டிலே பெரும் விவாதம் எழுந்தது. டால்ரன் அக்கேள்விக்கு விடை வரும்வரை காத்திருந்தாரல்லர். கடலில் மனிதர் மிதக்கின்றனர் என்பதே அவருக்குப் போதிய விடை. இன்று ரொறன்ரோவிலிருந்து இம்மலருக்கு நன்கொடை அனுப்பிய அன்பர்கள் அம்மீனவரையும் நினைத்துக்கொள்வாராக.

பிறர் நமக்குச் செய்ததை மட்டும் கூறி நிறுத்துதல் நேர்மையன்று. 1990 ஒக்ரோபரிலே வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் 70,000 இற்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தாருக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். அதுவும் ஒக்ரோபர் 30 ஆம் நாளே. நாம் அதே தெருக்களால் நடப்பதற்குச் சரியாக ஐந்து ஆண்டுக்கு முன். அங்கும் இயங்கியது ஒருமையே. படலையில் நின்று அழுத தமிழர் இருந்தனர். நம்மிற் பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை. புத்தளத்து மக்கள் அவர்களுக்கு இடங்கொடுத்தார்கள். நமக்கு மீசாலை கதவு திறந்தது போல அவர்களுக்குப் புத்தளம் திறந்தது. நம் கணக்குப் புத்தகத்தில் இப்பக்கமும் இருத்தல் வேண்டும்.

‘அப்படியாயின், நல்லவர் சிலர் உதவினர் என்பதற்காக நமக்கு நேர்ந்த அநீதிகளை மறந்துவிடுவதா?’ என்று அன்பர் சிலர் வினவுவர். நியாயமான வினா. இதற்கு விடையைத் திருக்குறளின் வைப்புமுறையிலேயே காணலாம். செய்ந்நன்றியறிதல் பதினோராம் அதிகாரம். நடுவு நிலைமை அதனை அடுத்த பன்னிரண்டாம் அதிகாரம். நன்றி செய்தாரை நினைக்குமிடத்து நடுவு நிலைமை சிதைதல் கூடும், அவ்விடத்தும் அது சிதையலாகாது என்பதற்காகவே இவ்வாறு வைக்கப்பட்டது என்னும் கருத்துப்பட உரைப்பார் பரிமேலழகர். கம்பகா அம்மையாரின் புதுச்சட்டி, எரிக்கப்பட்ட ஒரு வீட்டுக்கும் காணாமற்போன ஒரு பிள்ளைக்கும் ஈடாகாது. அவரும் அவ்வாறு எண்ணிக் கொடுத்தாரல்லர். நீதி கேட்போர் கேட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும். ஆயின் நீதியைக் கேட்பது செய்தவரிடமும் செய்வித்தவரிடமும், ஓரினத்திடம் அன்று. செய்தவன் இன்னான் என்று சுட்டிக் கேட்பதே நீதி. ‘அவர்கள் செய்தார்கள்’ என்று பொதுவிற் கூறுவது செய்தவனுக்கு ஒளிந்துகொள்ளக் கூட்டம் ஒன்றைக் கொடுப்பதாகும்.

இனி, மூன்று வேண்டுகோள்கள்.

மாணவச் செல்வர்களே, உங்கள் வீட்டு மூத்தோரிடம் ஒன்று கேளுங்கள்: ‘நம்மவர் அல்லாத எவர் நமக்கு உதவினார்?’ விடையில்லாத வீடு இராது. கேட்டதைக் கட்டுரையாக எழுதுங்கள். ஒரு நிபந்தனை உண்டு. முடிவிலே ‘ஆகவே அவ்வினத்தார் நல்லவர்’ என்று எழுதலாகாது. அதுவும் சாதியொருமையே. உதவியவர் ஒருவர், அவரை ஒருவராகவே எழுதுங்கள்.

உடன் ஆசிரியர்களே, வகுப்பிலே அவ்வகை வாக்கியம் எழும்போது யாம் செய்ததுபோல் ‘இரு’ என்று சொல்லிக் கடந்து செல்லாதீர்கள். ‘நீ சொல்லும் அவருள் எத்தனை பேரை நீ அறிவாய்?’ என்று அமைதியாகக் கேளுங்கள். அவர் மொழியையும் நம் பிள்ளைகள் பரீட்சைக்காக அன்றிப் பேசுவதற்காகக் கற்கச் செய்யுங்கள். எம் அரைகுறைச் சிங்களம் இன்னும் சற்று நிறைவாக இருந்திருப்பின், அவ்விரு தாய்மாரும் இன்னும் எவ்வளவோ பேசியிருப்பர்.

பழைய மாணவப் பெருமக்களே, விழாக்கள் தோறும் நீங்கள் கல்லூரிக்கு வளைவும் மணிக்கூடும் அரங்கமும் தந்துள்ளீர்கள். இவ்வைரவிழாவின் நினைவாகக் கல்லூரி வாயிலிலே, தெருவைப் பார்த்தவாறு, நல்ல குடிநீர்க் குழாய் ஒன்று அமையுங்கள். தெருவாற் போவோர் எவரும், எவரையும் கேளாது குடித்துச் செல்லட்டும். உபகரித்தவர் பெயரைக் கல்லிற் பொறிப்பது வழக்கம். இதிலே பொறியாது விடின் இன்னும் நன்று.

கம்பகா அம்மையாரோடு எமக்கிருந்த தொடர்பு போரின் கடைசி ஆண்டிலே அறுந்துபோயிற்று. அவர் மகன் யாழ்ப்பாணத்தில் எவர் வாசலிலாவது நீர் கேட்டானோ, கொடுத்தார்களோ, அறியோம். அவர் கேட்ட வினாவுக்கு எம் அன்னையார் ஒருமையில் விடை கூறினார். அவ்விடையை ‘நாம் கொடுப்போம்’ என்று உளப்பாட்டுப் பன்மையில் எழுதும் தகுதியை நம் கல்லூரிப் பிள்ளைகள் பெறுவாராயின், அதுவே இவ்விழாவின் பயன் என்க.

நம் கல்லூரி பல்லாண்டு ஓங்குக.